தரைக்குக் கீழே மூன்று வரிகள்

கல்வெட்டின்மேல் ஒட்டியிருந்த தாள் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. மங்கையர்க்கரசி அதன்மேல் புறங்கையை வைத்துப் பார்த்தாள், காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியில் வைப்பதுபோல. இன்னும் இருபது நிமிடம். வெயில் இந்தப் பக்கம் திரும்பினால் பதினைந்து. அதற்கு முன்னால் மை ஒற்றினால் எழுத்தெல்லாம் ஊறிப் பரவிவிடும், தாமதித்தால் தாள் கல்லை விட்டு எழும்பிக்கொள்ளும், நடுவில் ஒரு பதம் இருக்கிறது, அந்தப் பதத்துக்காகக் காத்திருந்தே முப்பத்திரண்டு வருடம் போய்விட்டது என்று நினைத்தாள். நினைத்ததும் சிரிப்பு வந்தது, ஏனென்றால் போனது வருடமா பதமா என்று தெரியவில்லை. முழங்கால் ஆழப் பள்ளத்தில் மடித்த சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தாள். கருவறையைச் சுற்றிப் போட்டிருந்த பழைய சிமெண்ட் தரையை உடைத்து எடுத்திருந்தார்கள். கோயிலின் அடித்தளம் இத்தனை காலம் மண்ணுக்குள் புதைத்துக்கொண்டிருந்த தன் பாதத்தைக் காட்டிக்கொண்டிருந்தது, குளிக்கப் போகிற பெண் கரையில் கொலுசைக் கழற்றி வைத்துவிட்டு நிற்பதுபோல, கொஞ்சம் கூச்சமாக. ஈரக் கல்லின் வாசனை. கொள்ளிடத்தில் தண்ணீர் வந்திருக்க வேண்டும், காற்றில் அந்தச் சேற்று வாசனையும் இருந்தது, அல்லது அது பிறந்த ஊர்த் தாமிரபரணியா, ஐந்து வயதில் மூக்கில் ஏறின தண்ணீர் இன்னும் இறங்கவில்லையா. மேலே நிழல் ஆடியது. கொத்தனார் பச்சைமுத்து பள்ளத்தின் விளிம்பில் குந்தியிருந்தார்.

“அம்மா, மூணு மணிக்குக் கலவ வண்டி வந்துரும். சுத்திவரத் தளம் ஒரே மூச்சுல போடணும். அதுக்குள்ள முடிச்சிருவீங்கள்ல?”

“முடிச்சிருவேன்.”

“ஒங்க படத்துக்கு எத்தன வரி?”

“மூணு. மேல நாலு வரி முன்னயே எடுத்திருக்கேன். இது தரைக்குள்ள இருந்த பாக்கி.”

“இனிமே திரும்பவும் தரைக்குள்ளதான். ஒரு அடி ஒசத்துறோம், மழத்தண்ணி உள்ள வருதுன்னு. இன்னும் நூறு வருசத்துக்கு யாரும் தொட முடியாது” என்று பெருமையாகச் சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார்.

நூறு வருடம். அந்தச் சொல் அவள் வயிற்றில் போய் இதமாக உட்கார்ந்துகொண்டது. அப்படி உட்கார்ந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. இந்தக் கீழைவாணமங்கலம் கோயில் குருக்கள் பத்து நாளைக்கு முன்னால் செல்போனில் ஒரு படம் அனுப்பியிருந்தார், தரையைத் தோண்டினோம், கீழேயும் எழுத்து தெரிகிறது, நீங்கள்தானே முன்பு வந்து படித்தீர்கள் என்று. படத்தில் சேறும் சுண்ணாம்பும் தவிர ஒன்றும் தெரியவில்லை. அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள், பிறகு பெரிதாக்குவதை நிறுத்திக்கொண்டாள். கல்வெட்டுத் துறையில் யாரிடமும் சொல்லவில்லை. உதவிக்கு யாரையும் கூட்டி வரவில்லை. இரண்டு மாதத்தில் ஓய்வு பெறப் போகிறவள் ஒரு நாள் விடுப்பு போட்டால் யார் கேட்கப் போகிறார்கள். காலையில் வந்து கம்பித் தூரிகையால் கல்லைத் தேய்த்தபோதுகூடக் கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டுதான் தேய்த்தாள். எழுத்துப் பள்ளங்களில் சுண்ணாம்பு அடைத்திருந்தது நல்லதாயிற்று, வெறுங்கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் விரல் இருக்கிறதே, விரலுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாது, தொட்டதையெல்லாம் படித்துவிடும். அதனால் தாளை ஒட்டும்போது துணியைச் சுருட்டி அதன் வழியாகவே அழுத்தினாள். இப்படியும் ஒருத்தி உண்டா, படிக்க வந்துவிட்டுப் படிக்காமல் இருப்பதற்கு இத்தனை பாடுபடுகிறவள்.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் இதே சுவர். அன்றைக்குத் தரை மேலே இருந்தது, நான்கு வரிதான் தெரிந்தது. அந்த நான்காவதும் பாதி சிமெண்டுக்குள் முழுகியிருந்தது, கழுத்துவரை தண்ணீரில் நிற்கிறவர்கள்போல எழுத்துகளின் தலை மட்டும் வெளியே. சாத்தியும், இவள் மகள் சேந்தியும், சேந்தி மகள் வெண்காடியும், ஆக ஆள் மூன்றும் என்று வந்தது. பெண்கள், ஆள் என்றால் அடிமை, ஒரே வயிற்றின் மூன்று தலைமுறை. அதற்கப்புறம் வி. அதற்கப்புறம் தலையும் பொரிந்துபோன ஓர் இரட்டை எழுத்து. அதற்கப்புறம் குடுத்தோம். விற்றுக்குடுத்தோம் என்று அவள் படித்தாள். வேறு எப்படிப் படிப்பது, நிலமோ தோட்டமோ எதை விற்றாலும் கல்லில் அப்படித்தானே எழுதுவார்கள், ஆயிரம் முறை படித்த சொல், நாக்கே முந்திக்கொண்டு சொல்லிவிட்டது. ஆனாலும் கையெழுத்துப் பிரதியில் அந்த ஒரு எழுத்தைச் சதுர அடைப்புக்குள்தான் போட்டாள். எழுத்து ஐயத்துக்குரியது என்று அதற்கு அர்த்தம், இந்தத் தொழிலில் அதுதான் கற்பு. பிறகு ஒரு சாயங்காலம், கட்டுரையைச் சுத்தப்பிரதி எடுக்கும்போது, அந்த இரண்டு சின்னக் கோடுகளும் கண்ணை உறுத்தின. இவ்வளவு பெரிய கட்டுரை அந்த இரண்டு கோட்டுக்கு நடுவில் தொங்கிக்கொண்டிருப்பதுபோல இருந்தது. எடுத்துவிட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. இடி விழவில்லை, மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆறாம் வகுப்பில் சொல்வதெழுதலில் ஒரு தப்பு எழுத்தை எச்சில் தொட்டு அழித்து அழித்து நோட்டில் ஓட்டையே விழுந்துவிட்டது, அந்த ஓட்டை வழியாக அடுத்த பக்கத்தின் சரியான எழுத்து ஒன்று தெரிந்தது, டீச்சர் அதற்கும் சேர்த்து மதிப்பெண் போட்டுவிட்டாள். அன்றைக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

புறங்கை வைத்துப் பார்த்தாள். இன்னும் பத்து நிமிடம். பள்ளத்தின் மேலே மண் அள்ளும் சட்டியை இறக்கி வைத்துவிட்டு ஒரு சித்தாள் பெண் நின்றாள். காலையிலிருந்து நாலைந்து முறை இந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தவள்தான். முப்பது வயதிருக்கும், சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை. பேர் தவமணி என்று பச்சைமுத்து கூப்பிட்டதில் தெரிந்தது.

“என்னக்கா எழுதியிருக்கு இதுல?”

“இனிமேதான் தெரியும்.”

“மேல இருக்கறது?”

“மூணு பொம்பளைங்க. அம்மா, மக, பேத்தி. இந்த ஊர்ல அடிமையா இருந்தாங்க.”

“ஐய” என்றாள் தவமணி. கொஞ்சம் யோசித்தாள். “அவுகளுக்கு என்னாச்சு?”

மங்கையர்க்கரசி வாயைத் திறந்தாள். விற்றுவிட்டார்கள் என்ற பதில் வாயில் தயாராக இருந்தது, இருபத்தாறு வருடமாகத் தயாராக இருந்த பதில், எத்தனை மேடையில் சொன்னது, எத்தனை பேர் அதை எடுத்துத் தங்கள் புத்தகத்தில் போட்டுக்கொண்டது. அது இன்றைக்கு வரவில்லை. “தெரியலம்மா” என்றாள். தவமணி சட்டியைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு போனாள். ‘தெரியல’ என்று சொன்னது இத்தனை சுலபமாக இருந்ததா என்று மங்கையர்க்கரசிக்கு ஆச்சரியமாக இருந்தது. அன்றைக்குத் தஞ்சாவூர்க் கருத்தரங்கில் சொல்லியிருக்கலாம். அவள் கட்டுரை படித்து முடித்ததும் மெய்கண்டான் எழுந்து நின்றார். ஆறு வருடம் ஒரே அறையில் எதிரெதிர் மேசையில் வேலை பார்த்தவர், துறையில் எல்லோரும் அவளை மங்கை என்று சுருக்கியபோதும் மங்கையர்க்கரசி என்று ஒரு எழுத்து விடாமல் கூப்பிட்ட ஒரே ஆள். எனக்கு இது விட்டுக்குடுத்தோம், விடுதலை செய்துவிட்டோம் என்று படுகிறது என்றார். விற்றார்கள் என்றால் வாங்கினவர் யார், விலை எங்கே என்றார். நான் சிமெண்டு வெடிப்புக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன், ட தான் என்றார். மண்டபத்தில் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குத் தெரிந்துவிட்டது, இதுதான் பயங்கரம், அவர் சொல்வது சரியாக இருக்கலாம் என்று அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்ததால்தான் சிரித்தாள். விலை தரைக்குக் கீழே இருக்கிறது, நண்பர் வேண்டுமானால் தோண்டிப் பார்க்கட்டும் என்றாள். மெய்கண்டான் சார் எதையுமே விட்டுக்கொடுத்துப் பழகினவர், அதனால் கல்லும் அவருக்கு விட்டுக்கொடுக்கிறது என்றாள். மண்டபம் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். நாற்காலி பின்னால் சரிந்து அவர் தடுமாறினார், அதற்கும் சிரித்தார்கள். அதற்கப்புறம் துறையில் அவருக்கு விட்டுக்கொடுத்தவர் என்பதுதான் பேர், வி.கொ. என்று சுருக்கி, கோப்பில்கூட யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள். ஒரு வருடத்தில் எங்கோ ஒரு சின்ன அருங்காட்சியகத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். போகிற அன்றைக்கு மேசையைத் துடைத்துவிட்டு, வர்றேன் மங்கையர்க்கரசி என்றார். அவள் தலை நிமிராமல் சரி என்றாள். எதையோ படிப்பதுபோல இருந்தாள். என்ன படித்தாள் என்று இன்றைக்கு வரைக்கும் ஞாபகம் வரவில்லை.

பதம் வந்துவிட்டது. கை தானாக எழுந்தது. தட்டில் மையைக் குழைத்து, துணிப்பந்தில் தொட்டு, இன்னொரு தட்டில் ஒற்றி அதிகப்படியை எடுத்துவிட்டு, தாளின் இடது மேல் மூலையில் மெல்லத் தட்டினாள். தப், தப், தப். இந்தச் சத்தத்தில் ஒரு மயக்கம் இருக்கிறது. கல்லின் மேடெல்லாம் கறுத்துக்கொண்டே வரும், வெட்டின பள்ளத்தில் அமுங்கிய தாள் மட்டும் வெள்ளையாகவே நிற்கும். இருட்டிலிருந்து ஒவ்வொருவராக வெள்ளை உடுத்திக்கொண்டு வெளியே வருவதுபோல எழுத்துகள் வரும். தாளின் மேல் ஓரம் நான்காவது வரியையும் கொஞ்சம் சேர்த்துத்தான் ஒட்டியிருந்தாள், ஒட்டாமல் இருக்க முடியவில்லை. அன்றைக்குத் தலை மட்டும் காட்டின எழுத்துகள் இன்றைக்கு இடுப்பு, முழங்கால், பாதம் என்று முழுசாக எழுந்தன. வி வந்தது. கை நின்றது.  துணிப்பந்தை மையில் தொட்டாள், தேவையில்லாமல் மறுபடி தொட்டாள். தப். ஒரு நேர்க்கோடு இறங்கியது. இறங்கி வலது பக்கம் திரும்பி நின்றுவிட்டது, வேறு வளைவு இல்லை, சுழி இல்லை, வால் இல்லை. பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்று. ட. அதையடுத்தும் ட. சிறுபிள்ளைகூடப் படிக்கும். கை தன்பாட்டுக்குத் தட்டிக்கொண்டே போனது, அதை நிறுத்த யாரும் அங்கே இல்லாததுபோல, அடுத்த வரி, அதற்கடுத்த வரி. இவர்கள் எங்களுக்கு ஆளல்லாதாராய். தப், தப். வேண்டும் ஊரிலே. தப். வேண்டுமாறு இருக்கக் கடவராகவும். கடைசி வரியில் ஊரார் கல் வெட்டிக் கொடுத்த செய்தி. விலை இல்லை. தரைக்குக் கீழே விலை இல்லை.

மையை மூடி வைத்தாள். இனித் தாள் முழுக்கக் காய வேண்டும், ஒரு மணி நேரமாவது. முதுகை மண்சுவரில் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடினாள். வெயில் இமைக்குள் சிவப்பாக வந்தது. வேண்டும் ஊரிலே வேண்டுமாறு. அப்படியானால் அவர்கள் போயிருக்கிறார்கள். இவள் இருபத்தாறு வருடமாக அவர்களை மேடை மேடையாக விற்றுக்கொண்டிருக்க, அவர்கள் ஆயிரம் வருடத்துக்கு முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டிருக்கிறார்கள். சாத்தி முன்னால் நடக்கிறாள், தலையில் ஒரு பானை, அதற்குள் என்ன, ஒரு பிடி உப்பும் உடுத்தாத ஒரு துணியும் இருக்கலாம். சேந்தி பின்னால். வெண்காடி இடுப்பில், இல்லை இறங்கி ஓடுகிறாள், கொள்ளிடத்து மணல் சுடுகிறது, குதித்துக் குதித்து ஓடுகிறாள். நில்லடி என்கிறாள் சேந்தி. அவள் நிற்கவில்லை. நிற்க வேண்டியதில்லை என்பது மூன்று பேருக்கும் அப்போதுதான் ஒரே சமயத்தில் உறைக்கிறது, மணலில் அப்படியே உட்கார்ந்து சிரிக்கிறார்கள், அல்லது அழுகிறார்கள், தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும். எந்த ஊருக்குப் போவது என்று சாத்திக்குத் தெரியவில்லை. ஐம்பது வயதுவரை எந்த ஊர் வேண்டும் என்று அவளை யாரும் கேட்டதில்லை. அதைக் கேட்டதும் பயந்திருப்பாள். மங்கையர்க்கரசிக்கும் பயமாக இருந்தது. பணி நிறைவு மலர் அச்சில் இருக்கிறது, முதல் கட்டுரையே இதுதான், பொன்னெழுத்தில் அட்டை. கல்லூரிப் பாடத்தில் இருக்கிறது. பெண் அடிமைகளைப் பற்றி எழுதுகிற எவரும் முதலில் தொடுகிற மேற்கோள். இந்தத் தாள் ஒன்று இல்லாவிட்டால். தாள் கிழியும். காற்றடித்துக் கிழியும், உரிக்கும்போது கிழியும், பழகின கைக்கே பத்தில் ஒன்று கிழியும். மூன்று மணிக்குக் கலவை வண்டி வரும். ஒரு அடி உயரத்துக்கு நூறு வருடம் வந்து படியும். கிழிந்துவிட்டது, நேரமில்லை, மறுபடி எடுக்க முடியவில்லை என்றால் யார் கேட்கப் போகிறார்கள். கேட்க வேண்டியவர் நாற்காலியோடு தடுமாறி உட்கார்ந்து இருபத்தாறு வருடமாகிறது. அவள் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் அவர்கள் திரும்பி வந்துவிடுவார்கள் என்று தோன்றியது, மணலைத் தட்டிக்கொண்டு, பானையோடு, பேசாமல் இந்தப் பள்ளத்துக்குள் இறங்கி அவளுக்கு எதிரில் வரிசையாக உட்கார்ந்துகொள்வார்கள், எங்களை விற்றுக்கொள் என்று. வெண்காடிக்கு உட்காரத் தெரியாது. இப்போதுதானே ஓடப் பழகியிருக்கிறாள்.

தாள் காய்ந்து மொடமொடவென்றிருந்தது. வலது மூலையில் நகத்தைக் கொடுத்தாள். இங்கே ஒரு இழுப்பு இழுத்தால் போதும். கை அதைச் செய்யவில்லை. மனம் வேண்டும் என்று சொல்லியிருந்தாலும் செய்திருக்காது. முப்பத்திரண்டு வருடம் கிழியாமல் உரிக்க மட்டுமே பழகின கை, அதற்கு வேறொன்றும் தெரியாது. பாம்பு சட்டை கழற்றுவதுபோலத் தாள் மெல்லக் கல்லை விட்டுப் பிரிந்து, முழுசாக, ஒரு ஓரம்கூட மடங்காமல் அவள் இரண்டு கைகளிலும் வந்து விழுந்தது. அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. தாளில் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மெய்கண்டானின் எண் அவளிடம் இருந்தது. அவர் மகள் கல்யாணப் பத்திரிகையிலிருந்து எடுத்து வைத்தது, போகவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. நாலு முறை மணி அடித்த பிறகுதான் எடுத்தார்.

“நான் மங்கையர்க்கரசி பேசறேன்.”

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு, “சொல்லுங்க மங்கையர்க்கரசி” என்றார், நேற்றைக்குப் பேசின மாதிரி.

“கீழைவாணமங்கலத்துல இருக்கேன். தரையத் தோண்டியிருக்காங்க. நாலாவது வரி முழுசா வந்திருச்சு.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “ட தான். விட்டுக்குடுத்தோம். நீங்க சொன்னதுதான் சரி. நான் அன்னிக்கு அடைப்ப எடுத்துட்டேன். எனக்குச் சந்தேகம் இருந்துச்சு, இருந்தும் எடுத்துட்டேன். உங்களப் பாத்துச் சிரிச்சேன்.”

“கீழ என்ன இருக்கு?”

படித்தாள். வேண்டும் ஊரிலே வேண்டுமாறு இருக்கக் கடவராகவும். அவர் மறுபடி படிக்கச் சொன்னார். படித்தாள். அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண் யாருங்க என்று கேட்பதும், அவர் இரு என்று சொல்வதும் கேட்டது.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றார். “நான் வெரல விட்டுத் தடவிப் பாத்தேன்னு சொன்னேன்ல. பாக்கவே இல்ல. அந்த வெடிப்புக்குள்ள ஒரு குண்டூசிகூட நுழையாது. எழுத்து எனக்கும் தெரியல. மூணு பேரையும் விட்டிருந்தா நல்லாருக்குமேன்னு தோணுச்சு, அவ்வளவுதான். நீங்க சிரிச்சப்ப ஏன் பதில் சொல்லலைன்னு நெனைச்சீங்க? பொய் சொல்லிட்டு எப்படிப் பேசறது? அதான் அந்தப் பக்கமே வேணாம்னு மாத்தல் வாங்கிட்டுப் போனேன்.”

அவள் செல்போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். மேலே லாரி ஒன்று பின்னோக்கி வரும் சத்தம் கேட்டது. இருபத்தாறு வருடம் இரண்டு பேர் இரண்டு ஊரில் ஒரே எழுத்துக்குப் பயந்துகொண்டு இருந்திருக்கிறார்கள்.

“மங்கையர்க்கரசி, இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“நான் வந்து பாக்கணும். மைப்படிய இல்ல, கல்ல. தொட்டுப் பாக்கணும். கும்பகோணத்துலேருந்து அணைக்கரை வழியா வந்தா ஒண்ணரை மணி நேரம். அதுவரைக்கும் இருக்குமா?”

“இருக்கும். வாங்க” என்றாள்.

தாளைச் சுருட்டிக் குழாயில் போட்டு, மேலே ஏறி, குருக்களின் அறையில் வைத்துவிட்டு வந்தாள். மணி மூன்றாகப் பத்து நிமிடம். கலவை வண்டியின் உருளை சுற்றிக்கொண்டிருந்தது, தகரச் சரிவைப் பள்ளத்தின் விளிம்பில் பொருத்திக்கொண்டிருந்தார்கள். மங்கையர்க்கரசி புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு மறுபடி பள்ளத்துக்குள் இறங்கினாள். எழுத்து மறையாதபடி கொஞ்சம் தள்ளி, கல்லில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். கல் வெயிலில் காய்ந்து சூடாக இருந்தது.

“அம்மா, என்ன பண்றீங்க? எந்திரிங்க, கலவ எறக்கப் போறோம்” என்று ஓடி வந்தார் பச்சைமுத்து.

“ஒருத்தர் இதப் பாக்க வர்றார். பாத்துட்டுப் போகட்டும். அப்புறம் ஊத்துங்க.”

“எவ்ளோ நேரமாவும்?”

“ஒண்ணரை மணி நேரம்.”

“ஐயோ, கலவ இறுகிப்போயிரும்மா! வெளையாடாதீங்க. காண்டிராக்டரு என்னத் தொலச்சிருவாரு. எந்திரிங்கம்மா, பெரியவங்க நீங்க.”

“எந்திரிக்க மாட்டேன்” என்றாள். சொன்ன பிறகுதான் குரல் தன்னுடையது என்று தெரிந்தது. உரக்கவும் இல்லை, நடுங்கவும் இல்லை.

வேலையாட்கள் மண்வெட்டியும் கையுமாக விளிம்பைச் சுற்றி நின்றார்கள். பச்சைமுத்து தலைத்துண்டை அவிழ்த்து உதறிக் கட்டினார், பள்ளத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். தவமணி சட்டியைக் கீழே போட்டுவிட்டு முன்னால் வந்தாள்.

“அக்கா, அந்த மூணு பேருக்கும் என்னாச்சுன்னு தெரிஞ்சுச்சா?”

“விட்டுட்டாங்க. எங்க வேணும்னாலும் போங்கன்னு விட்டுட்டாங்க. இங்க எழுதியிருக்கு, பாரு.”

தவமணி பள்ளத்துக்குள் குதித்தாள். படிக்கத் தெரியாத எழுத்தின் மேல் விரலை வைத்து, எது, இதுவா, இதுவா என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி இறங்கினாள். பச்சைமுத்து கொஞ்ச நேரம் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வண்டிக்காரரைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

“அண்ணே, வண்டியக் கிழக்குப் பக்கம் விடுங்க. அங்கேருந்து ஆரம்பிப்போம். இந்தப் பக்கம் கடைசியா வந்துக்கலாம்.”